சிறுவாடு

“தம்பி, அந்த மெசேஜ அனுப்புறது நீங்கதானா?”

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம், 2018ஆம் வருடம், ஆடி மாதக் காற்று. அங்கன்வாடி வாசலில் பாய் விரித்து நடக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தைப் பார்க்க நான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். அந்தக் குழுக்களுக்காக எங்கள் நிறுவனம் செய்த மொபைல் செயலி வெளியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பயன்படுத்துகிறவர்களிடம் நேரில் பேசிவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். நானும் பேசினேன். செயலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எல்லோரும் “நல்லா இருக்கு” என்றார்கள். அந்த ‘நல்லா இருக்கு’வை லேப்டாப்பில் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி வைத்துக்கொண்டேன்.

கேட்டவருக்கு நாற்பது வயது இருக்கும். கூட்டத்தில் வாயே திறக்காதவர்.

“ஆமாக்கா, நாங்கதான் அனுப்புறோம். ஏன், சரியா வரலையா?”

“வருது வருது. நல்லாத்தான் வருது. எங்கூட்டுக்காரரு போனுக்கு வருது.”

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மீதியைச் சொன்னவர் அந்தக் குழுவின் ஊக்குநர். கணக்கு எழுதுவது, வங்கிக்குப் போவது எல்லாம் அவர்தான். பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வந்தார்.

குழுவில் மாதச் சந்தா நூறு ரூபாய். அந்த அக்கா சந்தாவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வைத்திருக்கிறார். பூ கட்டி விற்ற காசு, களை எடுக்கப் போன கூலியில் மிச்சம் பிடித்தது, ஒரு மாதம் இருநூறு, ஒரு மாதம் எழுநூறு. ஊக்குநர் அதைத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்திருக்கிறார். நான்கு வருடத்தில் 23,400 ரூபாய். பெரிய பெண்ணை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காக. வீட்டில் யாருக்கும் தெரியாது, பெண்ணுக்கே தெரியாது.

எங்கள் செயலி வந்தபோது பழைய கணக்கையெல்லாம் கணினியில் ஏற்ற ஆள் போனார்கள். இருக்கிற நோட்டு எல்லாவற்றையும் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊக்குநரும் கொடுத்தார். சந்தா 4,800, கூடுதல் 23,400. கூட்டினால் 28,200. ஏற்றி முடித்த அன்று மாலை உறுப்பினர்கள் எல்லோருக்கும் தானாக ஒரு குறுஞ்செய்தி போனது: ‘அன்புள்ள உறுப்பினரே, உங்கள் மொத்தச் சேமிப்பு இருப்பு ரூ.28,200.’ பதிவாகியிருந்த எண் கணவருடையது.

அவர் சண்டை போடவில்லை, அடிக்கவில்லை. அந்த மாதம் அவருடைய தங்கச்சி மகள் வயதுக்கு வந்திருந்தாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் செய்தாக வேண்டும். “உங்கிட்டதான் இருக்குதே” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரத்தில் பணம் முழுக்க வெளியே போனது. நான் போன சமயத்தில் அந்தப் பெண் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அந்தக் குறுஞ்செய்தியின் வாசகத்தை எழுதியது நான். ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான்.

*

எங்கள் திட்டம் முட்டாள்தனமானது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அதற்குப் பின்னால் உண்மையான தேவை ஒன்று இருந்தது.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களின் கதை 1989இல் தருமபுரியில் தொடங்குகிறது. ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்த திட்டம் அது. 1992இல் நபார்டு வங்கி சோதனை முயற்சியாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. 1997இல் மகளிர் திட்டம் வந்தது. அதன் பிறகு குழு இல்லாத ஊரே தமிழ்நாட்டில் இல்லை என்றாகிவிட்டது. இத்தனைக்கும் அடியில் இருந்த தொழில்நுட்பம் ஒரு நோட்டு. தீர்மான நோட்டு, பொதுப் பேரேடு, தனிநபர் பாஸ் புத்தகம். நோட்டு நனையும், கிழியும், கூட்டல் தப்பும். வங்கி மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்துக் கடன் கொடுக்க வேண்டும். 2015இல் நபார்டே இரண்டு மாவட்டங்களில் குழுக்களின் கணக்கை மின்னணு மயமாக்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து தனியார் நிறுவனங்கள் பலவும் இந்த வேலையில் இறங்கின. அதில் சின்ன நிறுவனம் ஒன்றில் நான் இருந்தேன்.

எங்கள் வரைவில் ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும்: வெளிப்படைத்தன்மை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தன் கணக்கு தெரிய வேண்டும், யாரையும் நம்பி இருக்கக் கூடாது. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அதை நிறைவேற்றும் வழியாக ஒரு சமன்பாடு போட்டோம். ஒரு உறுப்பினர், ஒரு மொபைல் எண். எங்கள் தரவுத்தளத்தில் அந்த எண்தான் மனுஷி.

எண் பதிவு செய்யப் போனவர்கள் “போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டார்கள். பெண்கள் மனப்பாடமாகத் தெரிந்த எண்ணைச் சொன்னார்கள். மனப்பாடமாக இருந்தது கணவர் எண் அல்லது மகன் எண். எண் இல்லாத உறுப்பினரே இல்லை என்று டாஷ்போர்டு பச்சையாகச் சிரித்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2015-16 அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு. நீங்களே பயன்படுத்தும் செல்போன் உங்களிடம் இருக்கிறதா? 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 46 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். 2019-21 ஆய்வில் அது 54 ஆனது. இந்த எண் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. நான் பார்த்தது அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பிறகுதான். அன்று ஊக்குநரோடு உட்கார்ந்து எண்ணினோம். அந்தக் குழுவில் பன்னிரண்டு பேர், ஏழு எண்கள் வேறொருவர் சட்டைப் பையில்.

*

ஆனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. அதுதான் இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் உளுந்து டப்பா என்று ஒன்று இருந்தது. துறையூரில் வாடகை வீடு, சின்ன அடுக்களை, பரணுக்குக் கீழே வரிசையாகத் தகர டப்பாக்கள். உளுந்து டப்பாவுக்குள் உளுந்தும், உளுந்துக்கு அடியில் மருந்துச் சீட்டில் மடித்த ரூபாய் நோட்டுகளும் இருக்கும். அம்மாவின் சிறுவாடு. காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்தது, மாமா பொங்கலுக்கு வந்தபோது கையில் வைத்துவிட்டுப் போனது, பக்கத்து வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தது.

அப்பா கெட்டவர் இல்லை. கையில் காசு இருந்தால் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு, கடை நண்பருக்கு, கோயில் வரிக்கு. அவர் கணக்கில் அது மானம், அம்மா கணக்கில் அது ஓட்டை. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாமல் அம்மா உளுந்துக்கடியில் மடித்து வைத்துக்கொண்டே இருந்தார்.

ப்ளஸ் டூ முடித்ததும் பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை போக வேண்டும். அப்பாவிடம் அந்த வாரம் காசு இல்லை. அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, டப்பாவைக் கவிழ்த்து, உளுந்தை முறத்தில் கொட்டி, நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். அப்பாவிடம் “அண்ணன் கொடுத்துச்சு” என்று சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டினார். அவருக்குத் தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது சிறுவாடு என்ற ஏற்பாட்டின் ஒரு பகுதி. எந்த வீட்டிலும் அது முழு ரகசியம் கிடையாது. எவ்வளவு என்பது மட்டும் ரகசியம். தொகை தெரிந்துவிட்டால் அது குடும்பத்துப் பணம் ஆகிவிடும். குடும்பத்துப் பணத்துக்குக் குடும்பத்துத் தேவைகள் வரிசையில் நிற்கும்.

சென்னைக்குப் பேருந்தில் போகும்போது சட்டைப் பையில் இருந்த நோட்டில் உளுந்து வாசனை அடித்தது. அந்தக் காசில் கலந்தாய்வுக்குப் போய், இடம் வாங்கி, நான்கு வருடம் படித்து, வேலைக்குச் சேர்ந்து, ஒரு நாள் ஏசி அறையில் உட்கார்ந்து ‘உங்கள் மொத்தச் சேமிப்பு இருப்பு’ என்று நான் தட்டச்சு செய்தேன். அந்த வரியை எழுதும்போது உளுந்து டப்பா ஒரு நொடிகூட ஞாபகம் வரவில்லை.

தொழில்நுட்பத் திட்டங்கள் உள்ளூர்ப் பண்பாட்டில் மோதித் தோற்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த நிபுணரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். வெள்ளைக்காரர், டெல்லிக்காரர், ஊர் தெரியாதவர். எங்கள் அணியில் எட்டுப் பேர். ஆறு பேர் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆறு வீட்டிலும் ஏதோ ஒரு டப்பா இருந்திருக்கும், அல்லது அரிசிப் பானை, சுருக்குப் பை, சாமி படத்துக்குப் பின்பக்கம். யாரும் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் வேலை விஷயம் இல்லை என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அம்மாவுக்குத் தெரிந்ததை அறிவு என்று எண்ணக் கூடாது என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. எப்படியோ கற்றுக்கொண்டிருந்தோம்.

*

பெங்களூர் திரும்பி நடந்ததைச் சொன்னேன். அறையில் எல்லோருக்கும் வருத்தம்தான். பிறகு ஒருவர் “இது கல்ச்சுரல் இஷ்யூ, நம்ம கையில இல்ல” என்றார். இன்னொருவர் இதை எட்ஜ் கேஸ் என்றார். விளிம்பில் எங்கோ ஒரு ஆளுக்கு நடப்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

அந்த ‘கல்ச்சுரல் இஷ்யூ’வை நான் நிறைய நாள் யோசித்தேன். பணத்தை எடுத்துக்கொண்டுபோன சீர் நம் பண்பாடு. தங்கை மகளுக்குத் தாய்மாமன் செய்யாமல் இருந்தால் அந்த மனிதர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். பணத்தைச் சேர்த்துவைத்த சிறுவாடும் அதே பண்பாடுதான். ஒரே வீட்டுக்குள் இரண்டும் பல தலைமுறைகளாக ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தன. நாங்கள் நடுநிலையான ஒரு தகவலை அனுப்பியதாக நினைத்தோம். அது போன் யார் கையில் இருந்ததோ அவர் பக்கம் போய் நின்றுகொண்டது.

உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று பயிலரங்குகளில் சொல்வார்கள். எந்த உள்ளூரை என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் கிராமத்துக்குப் போனால் முதலில் பேசுகிறவர் தலைவர், அடுத்து அவருடைய தம்பி, அப்புறம் ஆசிரியர். பாய் விரித்த இடத்தில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொல்வது ‘இங்கத்தி வழக்கம்’ என்று எங்கள் குறிப்பில் ஏறும். செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறவரின் வழக்கம் ஏறாது.

*

அதற்குப் பிறகு மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன்.

கென்யாவின் எம்-பெசாவைப் பற்றி எங்கள் துறையில் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் வெளியிட்ட மொபைல் பணச் சேவை. முதலில் அது நுண்கடன் தவணையைத் திருப்பிச் செலுத்தும் கருவியாகத்தான் திட்டமிடப்பட்டது. 2005இல் சோதனை ஓட்டம் விட்டபோது மக்கள் அதை வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். பயணம் போகும்போது கையில் காசு வேண்டாமென்று போனில் போட்டு வைத்தார்கள். திட்டக்காரர்கள் அதைத் தவறான பயன்பாடு என்று சொல்லி அடைக்கவில்லை. நகரத்தில் சம்பாதித்து ஊருக்கு அனுப்புவது கென்யக் குடும்பங்களின் பழைய வழக்கம். வீட்டுக்குப் பணம் அனுப்பு என்பதையே விளம்பரமாக்கி வெளியிட்டார்கள். மற்றது வரலாறு.

அதே கென்யாவின் மேற்குப் பகுதியில் இன்னொரு சோதனை. பொருளியலாளர் சிமோன் ஷானர் நடத்தியது. வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களில் சிலருக்கு இலவசமாக ஏடிஎம் அட்டை கொடுத்தார்கள். பணம் எடுக்கும் கட்டணம் பாதிக்கு மேல் குறைந்தது, எந்நேரமும் எடுக்கலாம். கணக்குகளின் பயன்பாடு மொத்தத்தில் கூடியது. ஆனால் கூடியது ஆண்களின் கணக்குகளிலும் தம்பதியின் கூட்டுக் கணக்குகளிலும்தான். பெண்கள் பெயரில் மட்டும் இருந்த கணக்குகளில் அந்தப் பலன் இல்லை. வங்கி தூரத்தில் இருப்பதும், வரிசையில் நிற்க வேண்டியிருப்பதும், மேலாளர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதும் சிலருக்குப் பூட்டாக இருந்திருக்கின்றன. வசதி என்ற பெயரில் பூட்டைக் கழற்றினால் சாவி வைத்திருந்தவருக்கு என்ன லாபம்?

நைஜரில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2009-10 வறட்சிக்குப் பின் ஒரு தொண்டு நிறுவனம் ஏழைக் குடும்பங்களின் பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. சில கிராமங்களில் கையில் ரொக்கம், சிலவற்றில் மொபைல் வழியாக, சிலவற்றில் போனும் கொடுத்து ரொக்கத்தைத் தனியாக. ஜென்னி ஏக்கரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். மொபைல் வழியாகப் பெற்ற வீடுகளில் சாப்பாட்டில் பல வகைப் பொருட்கள் சேர்ந்திருந்தன. காரணங்களில் ஒன்றாக அவர்கள் சொல்வது: பணம் வந்தது உடனே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்க அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

நைஜரில் அந்தப் பெண்ணின் கையில் அவளுக்கென்று ஒரு போன் இருந்தது. திருவண்ணாமலையில் நாங்கள் அனுப்பியது வேறொருவர் கைக்கு. குறுஞ்செய்தி என்னவோ அதே குறுஞ்செய்திதான்.

*

வெகு தூரம் போக வேண்டியதே இல்லை. திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரி மூன்று மணி நேரம். அங்கே 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது கடலில் அலை எவ்வளவு உயரம் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை இறக்கி, தமிழில் எழுதி, கரையில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். இணையம் அந்தக் கரைக்கு அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வீடு திரை வைக்கவில்லை. மீனவக் குப்பங்களில் ஊர்ச் செய்தி சத்தமாகச் சொல்லப்படும் வழக்கத்தோடு அது சேர்ந்துகொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்ற கடலோரக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடிப் பிழைத்தது.

இதைப் படித்த அன்று நோட்டில் எழுதிக்கொண்டேன்: அலை உயரம் ஒலிபெருக்கிக்கு, சேமிப்பு முந்தானை முடிச்சுக்கு. எதை ஊருக்குச் சொல்வது, எதை முடிந்து வைப்பது என்ற பிரிவினை ஒவ்வொரு சமூகத்திலும் இருக்கிறது. மென்பொருளுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே புதுச்சேரித் திட்டத்தில் எம்பலம் என்ற ஊரும் உண்டு. அங்கே தகவல் மையத்துக்குக் கிடைத்த இடம் கோயில் கட்டடத்தின் ஒரு பகுதி. அந்தக் கோயிலுக்குள் அப்போது தலித்துகளும் மாதவிலக்கில் இருக்கும் பெண்களும் போக முடியாமல் இருந்தது. கணினி இருந்த பக்கத்துக்குத் தனி வாசல். அந்த வாசல் வழியாக யாரும் உள்ளே வர முடிந்தது. ஒரே கட்டடம், இரண்டு வாசல். அந்த இரண்டாவது வாசலை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. முதல் வாசலை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று கோபப்படலாம். கோயில் சுவரை ஒட்டியே எல்லோருக்கும் ஒரு வாசல் வைத்தார்கள் என்றும் சொல்லலாம். வழக்கத்தைக் கேட்டு, எங்கே அதற்குப் பணிவது, எங்கே பணியக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதாவது தெரிகிறது. நாங்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை.

*

இத்தோடு முடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். குறுஞ்செய்தி கெட்டது, நாற்பது பக்க நோட்டு நல்லது. ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்.

குறுஞ்செய்தியை நிறுத்த வேண்டும் என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே மாதம் வேறொரு வட்டாரத்திலிருந்து கள அலுவலர் அழைத்தார். அங்கே ஒரு பெண்ணுக்கு ‘உங்கள் கடன் நிலுவை ரூ.30,000’ என்று செய்தி போயிருக்கிறது. அவர் போனை எடுத்துக்கொண்டு நேரே கூட்டத்துக்கு வந்து, “நான் எப்போ வாங்குனேன்?” என்று கேட்டிருக்கிறார். விசாரித்தால் இன்னும் மூன்று பேர் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் கடன். எழுதியது கணக்கு நோட்டை வைத்திருந்தவர். ஊரில் பெரிய வீடு. நோட்டு அவர் வீட்டு பீரோவில் இருந்தவரை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் முடிந்திருக்காது. நான் எழுதிய அதே ‘அன்புள்ள உறுப்பினரே’ அங்கே ஒருத்திக்கு வாய் கொடுத்திருக்கிறது.

ஆக, அணைப்பதா வேண்டாமா என்பது கேள்வியாக இருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியிருந்தது. பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: ‘இந்த எண் உள்ள போன் பகலில் யாரிடம் இருக்கும்?’ ‘உங்கள் எண்ணா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், கணவர் எண்ணும் என் எண்தானே என்பார்கள். சேமிப்புத் தொகை, கடன் தொகை, கூட்ட நேரம் மூன்றும் தனித்தனிச் செய்தி ஆயின. எது வேண்டும், எது வேண்டாம், எந்த எண்ணுக்கு என்பதை உறுப்பினர் சொல்ல வேண்டும். தொகை வேண்டாம் என்றால் அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் போனில் பார்த்துக்கொள்ளலாம். கேள்வியைத் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும், வீட்டுத் திண்ணையில் கேட்கக் கூடாது என்று கள அலுவலர்களுக்குச் சொன்னோம். கூடுதல் சேமிப்பை மொத்தத்தோடு கூட்டும் அந்த ஒரு வரி நிரலை நானே அழித்தேன்.

இவ்வளவுக்கும் மூன்று மாதம் ஆனது. நிரல் எழுத ஒன்பது நாள்தான். மற்ற நாளெல்லாம் பேச்சில் போனது. நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் ‘அனுப்பிய குறுஞ்செய்திகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் திட்டம் சரிவதாகத் தெரியும். அந்தக் கட்டத்தின் தலைப்பை மாற்றுவதுதான் முழுத் திட்டத்திலும் கடினமான வேலையாக இருந்தது. அதுவும் ஒரு உள்ளூர்ப் பண்பாடுதான். பெங்களூர் அலுவலகத்தில் பேசப்படும் எண்களின் பண்பாடு. அதை மட்டும் யாரும் கல்ச்சுரல் இஷ்யூ என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்த ஊருக்கு மறுபடி போனேன். அந்த அக்கா குழுவை விட்டுப் போயிருந்தார். ஊக்குநர் கோபமாக இல்லை. “இப்ப எங்க சேக்குதோ தெரியல தம்பி. ஆனா சேக்கும். சேக்காம இருக்காது” என்றார். மகள் ஷூ கம்பெனியில்தான் இருந்தாள். மாற்றிய செயலியை எல்லோருக்கும் காட்டினேன். நல்லா இருக்கு என்றார்கள். இந்த முறை எழுதிக்கொள்ளவில்லை.

*

போன தீபாவளிக்குத் துறையூர் போயிருந்தபோது அம்மாவின் வங்கிக் கணக்கில் ஏதோ ஆவணம் சேர்க்க வேண்டும் என்று பாஸ்புக்கோடு இருவரும் வங்கிக்குப் போனோம். படிவத்தில் மொபைல் எண் என்ற இடத்தில் என் எண் அச்சாகியிருந்தது. கணக்கு தொடங்கிய அன்று நான்தான் கொடுத்தேன். அம்மாவுக்கு ஓடிபி எல்லாம் பார்க்கத் தெரியாது என்று. மாதாமாதம் நான் அனுப்பும் பணம் அந்தக் கணக்குக்குப் போகிறது. அம்மா எப்போது எவ்வளவு எடுத்தாலும் பெங்களூரில் என் மேஜை மேல் போன் ஒருமுறை அதிரும். ஆறு வருடமாக அதிர்கிறது. மருந்துக் கடைக்கு இத்தனை, ஏடிஎம்மில் இத்தனை. நான் எதையும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அம்மாவிடம் இப்போது சொந்தமாகப் போன் இருக்கிறது. தங்கையோடு வீடியோவில் பேசுகிறார், சமையல் காணொளி பார்க்கிறார். எண்ணை உங்க நம்பருக்கு மாத்திடவாம்மா என்று கேட்டேன்.

“எதுக்கு? உனக்குத் தெரிஞ்சா என்ன இப்ப?”

சரி என்று பேனாவை மூடினேன். டோக்கன் எண் வர நேரமிருந்தது. அம்மா பாஸ்புக்கை விசிறியாக்கி விசிறிக்கொண்டு கொஞ்ச நேரம் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்தித்தான் விட்டுறேன். உனக்கு அங்க வேலை நேரத்துல தொந்தரவு.”